உறுமி சத்தம் கேட்டா கால் நிக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல இடம் பத்தல, செந்தூல் தங்கச்சி ஒருத்தங்க கேட்ட கேள்விய அடுத்த தடவ சொல்றேன்னு விட்டுட்டேன். "கன்செர்ட்டுக்குப் போயி அழுதேன் அண்ணே, இது நார்மலா?" அப்டின்னு கேட்டிருந்தாங்க. அவ்ளோதான், அதுல இருந்து வந்த கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாமே ராக் பேண்டு, டிக்கட்டு, ஸ்டேடியம்னு ஒரே விஷயந்தான். அதனால இந்த வாரம் பூரா இதுவே ஓடட்டும். முதல்ல அந்த தங்கச்சி, இந்த தடவ முழுசா எழுதியிருக்காங்க.

2023 நவம்பர் 22, புக்கிட் ஜாலில்ல கோல்ட்பிளேங்கிற இங்கிலாந்து ராக் பேண்டு பாக்கப் போனேன் அண்ணே. கையில கட்டிவிட்ட அந்த பேண்டு மஞ்சளா எரிஞ்சிச்சு பாருங்க, ஸ்டேடியம் மொத்தமும் மஞ்ச, அப்ப அழ ஆரம்பிச்சவதான், வீடு வர்ற வரைக்கும் நிக்கல. அம்மா திட்டுறாங்க, "அரை மாச சம்பளத்த கொட்டிட்டு அழுவுறதுக்கா போன?"ன்னு. நான் ஏன் அழுதேன்னு எனக்கே சொல்லத் தெரியல.
– வாசகி, செந்தூல்

நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்மா, மேல் அடுக்குல, மேடையில நிக்கிற ஆளு தீக்குச்சி சைஸ்ல தெரியிற எடத்துல. எனக்கும் தொண்டை அடச்சிருச்சு, அதனால நீங்க சொல்றது எனக்கு நல்லாவே புரியுது.

முதல்ல யோசிச்சுப் பாருங்க, ஸ்டேடியமே மஞ்சளா மாறுன அந்த 'யெல்லோ' பாட்டு வந்தது 2000-த்துல. நீங்க ஸ்கூல் பஸ்ஸுல கேட்டிருப்பீங்க, யாரோ ஒருத்தர நெனச்சு ராத்திரி ஹெட்போன் போட்டு கேட்டிருப்பீங்க, எல்லாமே தனியா கேட்டது. இருபது வருசத்துக்கு மேல உங்களுக்கு மட்டும் சொந்தம்னு வச்சிருந்த ஒண்ண அன்னிக்கு ராத்திரி 75,000 பேருக்கு மேல சேர்ந்து பாடுறாங்க, பக்கத்துல நிக்கிற முன்னபின்ன தெரியாத மலாய்க்கார பொண்ணு, பின்னாடி நிக்கிற சீன அங்கிள், எல்லாருக்கும் ஒரு வரி விடாம தெரியுது. அப்ப தன்னால கண்ணு கலங்கத்தான் செய்யும். இதுல உடம்போட வேலையும் இருக்கு. கூட்டமா பாடுறப்ப எல்லாரும் ஒரே எடத்துல மூச்சு இழுக்குறோம், ஒரே எடத்துல விடுறோம், அதனால இதயத் துடிப்பும் சேர்ந்தாப்புல ஏறி எறங்கும், கோயில்ல பஜனை பாடுனவங்களுக்கு இந்த உணர்ச்சி தெரியும். அது போக பேஸ்ங்கிற அந்த கனத்த அடிச் சத்தம் காதால மட்டும் கேக்குற சத்தமில்ல, நெஞ்சுக்கூட்டுல வந்து இடிக்கும், வீட்டு ஸ்பீக்கர்ல அது வரவே வராது.

நம்ம ஊரு புள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரவே வேணாம்னு நான் நெனைக்கிறேன். தைப்பூசத்துக்கு பத்துமலையில காவடிக்கு முன்னால உறுமி மேளம் எறங்குறப்ப எட்டு வயசு பையன்ல இருந்து காலேஜ் பொண்ணு வரைக்கும் யார் காலாவது சும்மா நிக்கிதா? பினாங்குல தண்ணீர்மலைக்கு ஏறுற வழியில, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தல் முன்னாலயும் மேளம் மாறுறப்ப கூட்டமே எப்படி மாறும்னு பாத்திருப்பீங்கல்ல? உறுமியோட அந்த இழுப்புச் சத்தம் அடிவயித்துல கேக்கும். டிரம்ஸும் பேஸும் செய்யிறது கிட்டத்தட்ட அதேதான். பக்தி வேற, பாட்டுக் கச்சேரி வேற, நான் ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா ஆயிரக்கணக்கான பேரோட ஒரே தாளத்துல நிக்கிற பழக்கம் நமக்கு ரத்தத்துலயே இருக்கு, அம்மாகிட்ட இப்படி சொல்லிப் பாருங்க, அவங்களும் ஒரு தைப்பூசத்துல காரணம் தெரியாம அழுதிருப்பாங்க.

கையில கட்டிவிடுற அந்த பேண்டு எப்படி வேலை செய்யிதுன்னு நெறைய பேரு கேட்டிருக்கீங்க, அதையும் இங்கயே சொல்லிடுறேன். டிவி ரிமோட்டுல இருந்து வருமே கண்ணுக்குத் தெரியாத ஒளி, இன்ஃப்ரா ரெட், அதத்தான் மேடைப் பக்கம் இருந்து லைட்டு மாதிரி கூட்டத்து மேல அடிக்கிறாங்க. எந்தப் பக்கம் அடிக்கிறாங்களோ அந்தப் பக்கத்து பேண்டு மட்டும் கலர் மாறும். அதனாலதான் அலை மாதிரி ஓடுது. செடியில இருந்து எடுத்த பிளாஸ்டிக், முடிஞ்சதும் வாசல்ல திருப்பி வாங்கிக்குவாங்க, அடுத்த ஊருக்கு வேணும்ல. ஞாபகத்துக்கு வச்சிக்கலாம்னு எடுத்துட்டு வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வீட்டுல அது எரியாது, அதுக்கு அந்த ஸ்டேடியம் வேணும்.

எம் மகளுக்கு 16 வயசு. அடுத்து எந்த ராக் பேண்டு வந்தாலும் மேடைக்கு முன்னால நின்னு பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வீடியோ காட்டுனா, பாத்தேன், புள்ளைங்க சாமி வந்த மாதிரி குதிக்குதுங்க. அனுப்புறதா வேணாமா? நேரா சொல்லுங்க.
– ஒரு தகப்பன், கிள்ளான்

ஐயா, நேராவே சொல்றேன், அனுப்புங்க. ஆனா தனியா வேணாம், இந்த வயசுக்கு நீங்களோ மூத்தவங்க யாராவதோ கூட போறதுதான் சரி, நீங்களே போனா இன்னும் நல்லது, மகளோட சேர்ந்து ஒரு ராத்திரி நிக்கிற வாய்ப்பு இன்னும் எத்தன வருசத்துக்கு கெடைக்கும் சொல்லுங்க. டிக்கட் வாங்குறப்ப அந்த நிகழ்ச்சிக்கு நிக்கிற பகுதியில வயசு வரம்பு இருக்கான்னு பாத்துக்குங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி வைப்பாங்க.

உங்க பயம் காரணமில்லாத பயம் இல்ல. 2021 நவம்பர்ல அமெரிக்கா ஹூஸ்டன்ல ஒரு இசை விழாவுல கூட்டம் நெருக்கி 10 பேரு செத்துப் போனாங்க, அதுல சின்னப் புள்ளைங்களும் உண்டு. அதனால மகளுக்கு இத மட்டும் சொல்லிக் குடுத்துருங்க. ரெண்டு கையையும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னால மடக்கி வச்சா மூச்சு விட எடம் கெடைக்கும். கூட்டம் தள்ளுனா எதுத்து தள்ளக் கூடாது, அது போற பக்கமே போயி, கொஞ்சம் அடங்குறப்ப குறுக்கால நகர்ந்து ஓரத்துக்கு வந்துரணும். போன் கீழ விழுந்தாலும் குனியக் கூடாது, போன் போனா போவட்டும். மூச்சு முட்டுற மாதிரி இருந்தா வெக்கப்படாம முன்னால நிக்கிற செக்கியூரிட்டிக்கு கை காட்டணும், தூக்கி அந்தப் பக்கம் எடுத்துருவாங்க, அதுக்குத்தான் அவங்க நிக்கிறாங்க.

எல்லாரும் மறக்குறது காது. 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம்னு வேலை எடத்துக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுறப்பவும் நேரம் பாதியா கொறையும், அப்படியே கணக்கு போட்டு வந்தீங்கன்னா 100 டெசிபலுக்கு 15 நிமிசந்தான். ராக் கன்செர்ட்டுல ஸ்பீக்கர் பக்கத்துல 100-க்கு மேல சாதாரணமா போகும், நிகழ்ச்சி ரெண்டு மணி நேரம் ஓடும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல இதுக்குன்னே ஒரு வரைமுறை போட்டிருக்கு, 15 நிமிச சராசரி 100 டெசிபல தாண்டக் கூடாதுன்னு. கோல்ட்பிளே பாடகர் கிரிஸ் மார்ட்டினுக்கே காதுக்குள்ள விடாம ரீங்காரம் கேக்குற பிரச்சன இருக்கு, சின்ன வயசுல சத்தமா பாட்டு கேட்டதால வந்ததுன்னு அவரே வெளிப்படையா பேசியிருக்காரு. அந்த ரீங்காரம் வந்துட்டா பெரும்பாலும் போகாது ஐயா. மருந்துக் கடையில காதடைப்பான் விக்கிது, பஞ்சு மாதிரி இருக்குறது சல்லிசு, ஆனா பாட்டு மந்தமா கேக்கும். இசைக்காரங்க போடுற ஃபில்டர் வச்சது கொஞ்சம் வெலை கூட, ஆனா பாட்டு தெளிவா இருக்கும், சத்தம் மட்டும் கொறையும். உங்களுக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு வாங்கிருங்க, புதுச் செருப்பு வாங்குற காசுதான்.

ராக் மியூசிக்குக்கும் தமிழனுக்கும் என்னங்க சம்பந்தம்? வெள்ளக்காரன் கத்துறதுக்கு நம்ம புள்ளைங்க ஏன் குதிக்கணும்?
– வாசகர், ரவாங்

சம்பந்தம் இருக்குங்க, பினாங்குலயே இருக்கு. அல்லிகேட்ஸ்னு ஒரு பேண்டு, பெரிய சுருட்ட முடியோட டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம்னு அண்ணன் தம்பி, பினாங்குத் தமிழ்ப் புள்ளைங்க. எழுபதுகள்ல ஹாங்காங் வரைக்கும் போயி கிளப்புல வாசிச்சாங்க, திரும்பி வந்து மலாய்ல பாடி இந்த நாடே தலையில தூக்கி வச்சிக் கொண்டாடுச்சு. லோகநாதன் 2007-ல காலமானப்ப மூணு இன ஜனங்களும் அழுதாங்க. அவங்களது முழு ராக் இல்ல, பாப் பக்கம் சாயிற இசைதான், ஒத்துக்கிறேன். ஆனா கித்தார், டிரம்ஸ், மேடை, கூட்டம்னு ஒரு பேண்டு வாழ்க்கைய வாழ்ந்து காட்டுன தமிழங்க அவங்க. எண்பதுகள்ல சர்ச், விங்ஸ்னு மலாய் ராக் பேண்டுங்க கொடிகட்டிப் பறந்தப்ப, கோடாலி ராக்குன்னே அதுக்கு பேரு, ரோக் கப்பாக், அப்ப முடி வளத்துக்கிட்டு சுத்துனதுல நம்ம எஸ்டேட் பையன்களும் உண்டுங்க. உங்க வயசுக்காரங்க யாரையாவது கேட்டுப் பாருங்க.

2003-ல ஸ்டேடியம் மெர்டேக்காவுல லிங்கின் பார்க் பாத்தவன் நான். அரைக்கால் சட்ட போட்டு மேடை ஏறக் கூடாது, அது இதுன்னு அந்த நேரத்துல ஆயிரம் கட்டுப்பாடு, ஆனாலும் பாத்தோம். அவங்க பாடகர் செஸ்டர் இறந்து போனதுக்கப்புறம் அந்த பாட்டயே கேக்க முடியல. இப்ப புது பாடகி வச்சு ஊர் ஊரா பாடுறாங்க. கூட்டாளிங்க வெளியூருக்கு டிக்கட் போடலாம்னு கூப்புடுறானுங்க. போனா செஸ்டருக்கு துரோகம் பண்ற மாதிரி இருக்கு அண்ணே.
– வாசகர், பத்து கேவ்ஸ்

தம்பி, இந்த கடுதாசிய நான் மூணு தடவ படிச்சேன். செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலை 20 இறந்தாரு, அந்த சேதி வந்த ராத்திரி எங்க வீட்டுக்குப் பக்கத்து மாமாக் கடையில நாலு பசங்க தே தாரிக் ஆறிப் போயி உக்காந்திருந்தானுங்க, ஒருத்தன் போன்ல அவரு பாட்டு மெதுவா ஓடிக்கிட்டிருந்துச்சு, யாரும் ஒண்ணும் பேசல. அது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது.

2017 அக்டோபர்ல செஸ்டருக்காக ஒரு அஞ்சலி நிகழ்ச்சி நடத்துனதோட சரி, அப்புறம் கிட்டத்தட்ட ஏழு வருசம் அந்த பேண்டு மேடை ஏறல. 2024 செப்டம்பர்ல புது பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங்க சேத்துக்கிட்டு திரும்ப வந்தாங்க, நவம்பர்ல புது ஆல்பமும் போட்டாங்க. அந்த பொண்ணு செஸ்டர் மாதிரி பாட முயற்சி பண்ணல, அவங்க குரல்ல அவங்க பாடுறாங்க, நான் மதிக்கிறது அதத்தான். உங்களுக்கு அது ஒட்டாம போகலாம், அது தப்பில்ல. ஆனா துரோகம்னு சொல்லாதீங்க. அந்த பாட்டெல்லாம் பேண்டுல இருக்குற மைக் ஷினோடா கூடச் சேந்து எழுதுனது, மிச்சம் இருக்குற அவங்களும் கூட்டாளிய பறிகொடுத்தவங்கதான, பாடாம இருந்தா அவங்க துக்கம் கொறைஞ்சிருமா?

எங்க அப்பா போனப்புறம் அவரு பாடுற முருகன் பாட்ட எங்க வீட்டுல ஒரு வருசம் யாரும் பாடல. அடுத்த வருசம் பூசையில தங்கச்சி மெல்ல ஆரம்பிச்சா, எல்லாரும் சேந்துக்கிட்டோம், அப்பா குரல் வர வேண்டிய எடத்துல எல்லாருமே சத்தமா பாடுனோம். கூட்டத்துல நின்னு பாருங்க தம்பி, செஸ்டர் கத்துற எடத்துல கூட்டம் கத்தும், அதுல உங்க குரலும் இருக்கட்டும். போக மனசு வரலன்னா 2003 டிக்கட்ட எடுத்து வச்சிக்கிட்டு வீட்டுல கேளுங்க, அதுவும் சரிதான்.

டிக்கட் வித்த அன்னிக்கு காலையில இருந்து கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்திருந்தேன், கியூவுல என் நம்பர் லட்சத்துக்கு மேல. முடிஞ்சிருச்சு. இப்ப மூணு மடங்கு வெலையில விக்கிறான். வாங்கலாமா?
– வாசகி, ஷா ஆலம்

வேணாம்மா. எங்க அக்கா மவன் இப்படித்தான் ஒரு ஆளுகிட்ட 600 வெள்ளி அனுப்புனான், டிக்கட் படம் வந்துச்சு, கேட்டுல ஸ்கேன் பண்ணா ஏற்கனவே உள்ள போயிருச்சுன்னு வருது. ஒரே பார்கோட அந்த ஆளு எத்தன பேருக்கு வித்தானோ, வாசல்லயே பத்து பதினஞ்சு பேரு அழுதுக்கிட்டு நின்னுச்சுங்க. உள்ள முதல் பாட்டு சத்தம் கேக்குது, இதுங்க வெளிய நிக்கிதுங்க, அந்த கொடுமைய என்னன்னு சொல்றது. காசு அனுப்பி ஏமாந்துட்டீங்கன்னு தெரிஞ்ச உடனே 997-க்கு போன் போடுங்க, மோசடிக்குன்னே இருக்குற நம்பர், எவ்ளோ சீக்கிரம் கூப்புடுறீங்களோ அவ்ளோ நல்லது, அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்.

நெறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. பெரிய மேடைங்களுக்கு லைட்டு, கேமரா எங்க வரும்னு கடைசியிலதான் முடிவாகும், அதுவரைக்கும் சில சீட்ட விக்காம பிடிச்சி வச்சிருப்பாங்க. மேடை கட்டி முடிச்சப்புறம் எது மறைக்கலன்னு பாத்து அந்த சீட்ட திரும்ப விடுவாங்க, அது கன்செர்ட்டுக்கு ஒரு வாரம் முன்ன, ஏன், முந்தின நாளு கூட நடக்கும். அதிகாரப்பூர்வ விக்கிற எடத்த மட்டும் தெனம் பாத்துக்கிட்டே இருங்க. அப்புறம், டிக்கட் கெடச்சவங்க சந்தோசத்துல பார்கோடோட படம் எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, தயவு செஞ்சு.

சிங்கப்பூருக்கு ஆறு ராத்திரி, நமக்கு ஒரே ஒரு ராத்திரி. நம்ம ரசிகனுங்க என்ன கொறச்சலா?
– வாசகர், சுங்கை பட்டாணி

கொறச்சல் கெடையாது. கோல்ட்பிளே 2024 ஜனவரியில சிங்கப்பூர்ல ஆறு ராத்திரி பாடுனாங்க, அந்த கூட்டத்துல ஜொகூர் பாலம் தாண்டிப் போன நம்ம ஆளுங்க எத்தன பேரு. அங்க ஸ்டேடியத்துக்கு மூடுற கூரை இருக்கு, மழை வந்தாலும் நிகழ்ச்சி நிக்காது, நம்ம புக்கிட் ஜாலில் திடல் தெறந்த வெளி. சிங்கப்பூர் அரசாங்கமும் காசு போட்டு கூப்புடுது, டெய்லர் ஸ்விஃப்ட்டுக்கு அப்படித்தான் நடந்துச்சு. இன்னொண்ணும் இருக்கு, 2023 ஜூலை 21 சிப்பாங்ல ஒரு இசை விழாவுல வெள்ளக்கார பேண்டு மேடையில நடந்துக்கிட்ட விதத்தால மிச்சம் ரெண்டு நாளும் ரத்தாச்சு. அதுல அடிபட்டது யாரு, அடுத்த ரெண்டு நாளு வாசிக்க வேண்டிய உள்ளூர் பேண்டுங்களும், கடை போட்டிருந்த சின்ன வியாபாரிங்களுந்தான், அவங்களுக்காக எனக்கு இன்னும் மனசு ஆறல. அதுக்கப்புறம், எதாவது வரம்பு மீறுனா மின்சாரத்தயே நிறுத்துற ஏற்பாடு வேணும்னு விதி வந்துச்சு. அப்படியும் நாலு மாசத்துல புக்கிட் ஜாலில் நெறஞ்சிச்சு. ஆசை இல்லாத ஊருல அது நடக்குமா?

பினாங்குல இருந்து போறவங்களுக்கு வழி சொல்லுங்க. முடிஞ்சப்புறம் எப்படி திரும்புறது?
– வாசகி, பட்டர்வொர்த்

பஸ்ஸுல வந்தா டிபிஎஸ் பஸ் நிலையத்துல எறங்குங்க, அங்கயே எல்ஆர்டி ரயில், ஸ்ரீ பெட்டாலிங் பாதையில சுங்கை பெசிக்கு அடுத்த ஸ்டேஷன் புக்கிட் ஜாலில், ரெண்டே ஸ்டாப்பு. ஈடிஎஸ் ரயில்ல வந்து கேஎல் சென்ட்ரல்ல எறங்குனா மஸ்ஜிட் ஜாமெக் போயி மாறணும். டச் அண்ட் கோ கார்டுல திரும்பி வர்ற காசையும் சேத்து முன்னாடியே போட்டு வச்சிக்கங்க. பெரிய நிகழ்ச்சின்னா எல்ஆர்டி நேரத்த நீட்டிப்பாங்க, அறிவிப்பு வரும். முடிஞ்ச உடனே எல்லாரும் ஸ்டேஷனுக்கு ஓடாதீங்க, அரை மணி நேரம் உள்ளயே உக்காந்து தண்ணி குடிச்சிட்டு கெளம்புங்க. காரு வேணவே வேணாம், பார்க்கிங்ல இருந்து வெளிய வரவே விடியற்காலம் ஆயிரும்.

எனக்கு 68 வயசு. பேரன் கூப்புடுறான், "பாட்டி நீயும் வா, உனக்கும் சேத்து டிக்கட் எடுக்குறேன்"னு. அந்த பாட்டு எனக்கு ஒண்ணும் புரியாது. போயி அவன் சந்தோசத்த கெடுத்துருவேனோன்னு யோசனையா இருக்கு.
– பாட்டி, ஜார்ஜ்டவுன்

பாட்டிம்மா, கட்டாயம் போங்க. புரியாட்டி என்ன, அவன் உங்கள பக்கத்துல வச்சிக்கிட்டு பாடணும்னு ஆசப்படுறான், அது எத்தன பாட்டிக்கு கெடைக்கும். பேரன்கிட்ட சொல்லி நம்பர் போட்ட சீட்டா, நடைபாதை ஓரமா எடுக்கச் சொல்லுங்க, ரொம்ப மேல வேணாம், படி நெறைய. மேல போயிட்டா இன்னொரு தொல்லையும் உண்டு, சத்தம் விநாடிக்கு 340 மீட்டர்தான் ஓடும், தூரத்து சீட்டுக்கு வந்து சேர அரை விநாடி வரைக்கும் ஆகும். அதனால திடல் நடுவுல கம்பம் மாதிரி ஸ்பீக்கர் வச்சு சரிபண்ணுவாங்க, இருந்தாலும் மேடையில டிரம்ஸ் அடிக்கிற கையும் காதுல விழுற அடியும் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், தலை சுத்துற மாதிரி தோணும் சிலருக்கு. பக்கவாட்டுல கீழ் அடுக்கு உங்களுக்கு சரியா இருக்கும். பருத்தி சேல, காலுக்கு நல்ல செருப்பு, மழைக்கோட்டு ஒண்ணு, குடை உள்ள விடமாட்டாங்க. மாத்திரை சாப்புடுறவங்கன்னா டாக்டர் சீட்டோட எடுத்துட்டுப் போங்க, பைய வாசல்ல பாப்பாங்க. கிள்ளான் ஐயாவுக்கு சொன்ன காதடைப்பான் உங்களுக்கும் உண்டு.

கோல்ட்பிளே கச்சேரின்னா நடுவுல ஒரு பாட்ட நிறுத்திட்டு, எல்லாரும் போன உள்ள வைங்க, இந்த ஒரு பாட்ட சும்மா சேந்து இருப்போம்னு கேப்பாங்க. வேற பேண்டா இருந்தாலும் பேரன்கிட்ட ஒரு பாட்டுக்காவது அப்படி இருக்கச் சொல்லுங்க. அந்த நேரம் அவன் கையப் புடிச்சிக்குங்க. போயிட்டு வந்து நீங்களே உங்க கையால எழுதுங்க பாட்டிம்மா, எது புடிச்சிச்சு, எது புடிக்கலன்னு, ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.